கொல்லிமலையும் மந்திர விதிகளும்

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக அமைந்த மலை. சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவைக்காகவும், பிற்கால மரபில் சித்தர்கள், மூலிகைகள், மாந்திரீகம் ஆகியவற்றுக்காகவும் அறியப்படுவது. இந்த மலையைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளில் பாவை, மந்திரம், சித்தி, சாலம், மருந்து, தெய்வ அருள் எனப் பலவகை அற்புதங்கள் கலந்துள்ளன. இவை எல்லாவற்றுக்கும் ஒரே விதியா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதியா என்ற கேள்வி இன்று கற்பனை விளையாட்டுகளை வடிவமைப்பவர்களால் விவாதிக்கப்படுகிறது. தமிழ் மரபில் இக்கேள்வி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்து, அதற்குப் பல விடைகளும் சொல்லப்பட்டுள்ளன. அந்த விடைகளின் வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

மலை

கொல்லிமலை சுமார் 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை உயரம் கொண்டது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமேல் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலையாளி என்பது இங்கே மலையை ஆள்பவர் என்ற பொருளில் வரும் பெயர். கேரளத்து மொழியோடு தொடர்பற்றது. அறப்பளீசுவரர் கோயில், ஐயாற்றில் விழும் ஆகாயகங்கை அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், மாசி பெரியண்ணசாமி கோயில் ஆகியவை இங்குள்ள முதன்மையான வழிபாட்டிடங்களும் காணிடங்களும்.

சங்ககாலத்தில் இம்மலை வல்வில் ஓரிக்கு உரியது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தியைக் கல்லாடனார் பாடிய அகநானூற்று 209-ஆம் பாடல் தருகிறது. போரைச் சொல்லும் அதே இடத்தில் அப்பாடல் கொல்லிப்பாவையையும் குறிப்பிடுகிறது. கொல்லி கைமாறியபோது பாவையும் சேர்ந்தே கைமாறியது போன்ற தோற்றத்தை அது அளிக்கிறது.

கொல்லிப்பாவை: மந்திரவாதி இல்லாத மாயம்

நற்றிணையின் 185, 192, 201 ஆகிய பாடல்களிலும், குறுந்தொகையின் 89, 100 ஆகிய பாடல்களிலும், அகநானூற்றின் 62, 209 ஆகிய பாடல்களிலும் கொல்லிப்பாவை இடம்பெறுகிறது. கபிலர், பரணர், கல்லாடனார் ஆகியோர் அதைப் பாடியவர்கள். இப்பாடல்களில் பாவை தலைவியின் அழகுக்கு உவமையாகவே வருகிறது.

பாவையைச் செய்தவர் யார் என்பதில் பாடல்கள் ஒன்றுபடவில்லை. சில பாடல்கள் தெய்வம் எழுதியது என்கின்றன. நற்றிணை 192 பூதம் அமைத்தது என்கிறது. பரணர் பாடிய நற்றிணை 201, காற்று மோதினாலும், மழை விரைந்து பெய்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் உருக்கெடாத பாவை என்று அதன் இயல்பைக் கூறுகிறது. அது யாரையும் கொன்றதாக இப்பாடல்கள் சொல்லவில்லை.

முனிவர்களைக் காக்கத் தெய்வத் தச்சர் செய்து வைத்த பொறி, அரக்கர் நெருங்கினால் சிரித்து மயக்கி உயிரை வாங்கும் என்ற கதை பிற்கால மரபில் வளர்ந்தது. இன்று எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கருதி வழிபடுவோர் உள்ளனர். உவமையாகத் தொடங்கியது காவற்பொறியாகி, பின் தெய்வமாகியது.

இந்த மூன்று நிலைகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாவையை இயக்க மந்திரம் ஓதுபவர் தேவையில்லை. நாள், திசை, விரதம் எதுவும் இல்லை. அது தன் இயல்பால் செயல்படுகிறது. நற்றிணை 201-இல் 'இயற்கைப் பாவை' என்று அது சுட்டப்படுவதும் இங்கே நோக்கத்தக்கது. மனிதர் செய்யும் மந்திரத்துக்கு விதி உண்டு, பாவைக்கு இயல்பு மட்டுமே உண்டு என்ற வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

தொல்காப்பியமும் நக்கீரரின் இரு வெண்பாக்களும்

தொல்காப்பியம் செய்யுளியலில் யாப்பின் வகைகளாக ஏழு கூறப்படுகின்றன: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். இவற்றில் வாய்மொழி என்பது மந்திரம் என உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். நிறைந்த சொல்வன்மை உடையோர் தம் ஆணையால் வெளிப்படுத்தும் மறைவான மொழியே மந்திரம் என்பது தொல்காப்பியரின் விளக்கம்.

இந்த வரையறையில் தெய்வம் இல்லை, பொருள்கள் இல்லை, சடங்கும் இல்லை. சொல்பவரின் தகுதியும் அவரது ஆணையும் மட்டுமே உள்ளன. ஆக்கவும் அழிக்கவும் வெவ்வேறு விதிகளைத் தொல்காப்பியர் வகுக்கவில்லை. மந்திரம் முழுவதற்கும் ஒரே இலக்கணம்தான்.

இந்நூற்பாவின் உரையில் பேராசிரியர், நக்கீரர் பாடியனவாக வழங்கும் இரண்டு வெண்பாக்களை எடுத்துக்காட்டுகிறார். வடமொழியே நன்று, தமிழ் தீது என்று சொன்ன குயக்கொண்டான் என்பவன் ஒரு வெண்பாவால் இறந்துபட்டான். மற்றொரு வெண்பாவால் உயிர்பெற்றான் என்பது அவற்றோடு வழங்கும் கதை. கொல்லும் வெண்பாவும் எழுப்பும் வெண்பாவும் வடிவில் ஒன்றே. இரண்டும் பொதியில் முனிவனான அகத்தியரை முன்னிறுத்துகின்றன. இரண்டும் வேள்வி மந்திரங்களின் இறுதிச்சொல்லான சுவாகா என்பதன் தமிழ் வடிவத்தில் முடிகின்றன. மாறுவது ஏவல் மட்டுமே.

விதி ஒன்று, விளைவு இரண்டு என்ற இந்தப் பார்வை பின்னர் நிலைக்கவில்லை. பாட்டியல் நூல்கள் எழுந்த காலத்தில் சொல்லின் ஆற்றலுக்கு விரிவான விதிகள் வந்தன. பாட்டுடைத் தலைவனுக்குத் தீங்கு வராமலிருக்க, நூலின் முதற்சொல்லுக்கு மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உணவு, வருணம், நாள், கதி, கணம் என்ற பத்துப் பொருத்தங்கள் பார்க்கப்பட்டன. எழுத்துகள் அமுத எழுத்து, நஞ்சு எழுத்து எனப் பிரிக்கப்பட்டன. மூன்றாம் நந்திவர்மன் நந்திக் கலம்பகத்தைக் கேட்டு உயிர்விட்டான் என்ற கதை இந்த நம்பிக்கைச் சூழலில் உருவானது. சொல் ஆபத்தானது என்று கருதப்பட்டபோதுதான் அதற்குத் தனித்தனி விதிகள் தேவைப்பட்டன.

எண்வகைக் கருமங்கள்

வடமொழித் தந்திர நூல்கள் மாந்திரீகச் செயல்களை ஆறாகப் பகுப்பது பெருவழக்கு: சாந்தி, வசியம், தம்பனம், வித்துவேடணம், உச்சாடனம், மாரணம். தமிழ் மரபில் இது எட்டாக விரிந்து அட்டகருமம் எனப்பட்டது. வரிசையும் பெயர்களும் நூலுக்கு நூல் சற்று மாறினாலும் பரவலாக வழங்கும் பட்டியல் இது:

வசியம்: பிறரைத் தன் வயப்படுத்துதல்.
மோகனம்: மயங்கச் செய்தல்.
தம்பனம்: செயலை அல்லது ஓட்டத்தை நிறுத்துதல்.
ஆகருடணம்: தொலைவில் இருப்பதை ஈர்த்து அழைத்தல்.
உச்சாடனம்: விரட்டுதல்.
வித்துவேடணம்: பகை மூட்டுதல்.
பேதனம்: பிரித்தல், மனத்தை வேறுபடுத்துதல்.
மாரணம்: அழித்தல்.

திருமூலரின் திருமந்திரம் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம் என்ற பகுதி உள்ளது. அதில் இக்கருமங்களுக்கான விதிகள் தனித்தனியே கூறப்பட்டுள்ளன. எழுத்தைப் பொறிக்கும் பலகையின் மரம், ஓலையில் பூசும் பொருள், நோக்கும் திசை, செய்யும் பொழுது ஆகியவை கருமத்துக்குக் கருமம் மாறுகின்றன. மோகனத்துக்கு இறலிப் பலகையும் எமன் திசையான தெற்கும் சொல்லப்படுகின்றன. மாரணத்துக்கு நண்பகலும் தென்கிழக்கு மூலையும் சொல்லப்படுகின்றன. இப்பாடல்களைப் புறச்சடங்காகக் கொள்ளாமல் யோகத்தின் அகநிலைகளாக விளக்கும் உரைகளும் உண்டு.

பிற்கால மாந்திரீகச் சுவடிகள் இதே முறையை மேலும் விரித்தன. ஒவ்வொரு கருமத்துக்கும் உரிய ஆசனம், ஆடையின் நிறம், மாலையின் மணி, தகட்டின் உலோகம், மலர், கிழமை ஆகியவை பட்டியலிடப்பட்டன.

இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் மாறாத ஒன்று இருக்கிறது. அது ஐந்தெழுத்து. திருமந்திரத்திலும் சித்தர் பெயரில் வழங்கும் நூல்களிலும் ந, ம, சி, வ, ய என்ற அதே ஐந்து எழுத்துகளே இடம்மாறி, வரிசைமாறி வெவ்வேறு கருமங்களுக்குப் பயன்படுகின்றன. அடிப்படை ஆற்றல் ஒன்று, அதைச் செலுத்தும் முறை எட்டு என்பதே இந்த அமைப்பின் சாரம். தொல்காப்பியத்தின் ஒற்றை இலக்கணமும் பாட்டியலின் விரிவான பொருத்தங்களும் இங்கே ஒன்றாக இணைந்ததாகக் கொள்ளலாம்.

வடமொழிப் பட்டியலின் முதலில் நிற்கும் சாந்தி, அதாவது நோயும் தோஷமும் தணித்தல், தமிழின் எட்டில் தனிக் கருமமாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. நோய் தணிப்பது தமிழ்ச் சூழலில் வாகட நூல்களுக்கும், மந்திரித்தல், பார்வை பார்த்தல், வேப்பிலை அடித்தல் போன்ற ஊர் வழக்கங்களுக்கும் உரியதாயிற்று. எட்டுக் கருமங்களைச் செய்பவர் அஞ்சப்பட்டார். மந்திரித்துக் கயிறு கட்டுபவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தார்.

சித்தி, சாலம், மருந்து, அருள்

அட்டகருமம் செய்யப்படும் செயலை வைத்துப் பிரிப்பது. ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துப் பிரிக்கும் முறையும் இந்திய மரபில் உண்டு. பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்காம் பாதத்தின் முதல் சூத்திரம், சித்திகள் பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி ஆகிய ஐந்து வழிகளில் கிடைக்கும் என்கிறது. கொல்லிமலையோடு தொடர்புபடுத்தப்படும் அற்புதங்களை இந்தப் பகுப்பின் துணையோடு நோக்கலாம்.

சித்தி: அணிமா, மகிமா முதலிய எட்டும் அட்டமாசித்தி எனப்படும். இவை யோகத்தால் உடலிலேயே விளைபவை. பலகையோ ஓலையோ வேண்டியதில்லை. கொல்லிமலையில் கோரக்கர் பெயரால் குகை காட்டப்படுகிறது.

சாலம்: கண்ணை மயக்கி இல்லாததை இருப்பதாகக் காட்டுதல். இந்திரசாலம் என்றும் பெயர். புலிப்பாணியின் பெயரில் வழங்கும் சாலம் 325 என்ற நூல் இவ்வகைக்குத் தனி நூலே இருந்ததைக் காட்டுகிறது. மாரணத்தில் ஒருவர் இறப்பதாக நம்பப்பட்டது. சாலத்தில் எதுவும் உண்மையில் மாறுவதில்லை.

மருந்து: கொல்லிமலையின் புகழில் பெரும்பங்கு மூலிகைகளுக்கு உரியது. மலைக்கு வருபவர்கள் இன்றும் முடவாட்டுக்கால் கிழங்கை வாங்கிச் செல்கின்றனர். மணி, மந்திரம், ஔடதம் என்ற முத்தொகுதியில் மருந்தும் மந்திரமும் அருகருகே வைக்கப்பட்டன. மாரணம் என்ற சொல்லே இரு துறைகளிலும் உண்டு. மாந்திரீகத்தில் அது ஆளைக் கொல்வது. இரசவாத மருத்துவத்தில் அது உலோகத்தைப் புடமிட்டுக் கொன்று பற்பமாக்குவது. பெயர் ஒன்றாயினும் விதிகள் வேறு. பற்பத்துக்கு எருவின் அளவும் தீயின் அளவும் மூலிகைச் சாறும் வேண்டும்; திசை காட்டி ஓத வேண்டியது முதன்மையல்ல.

அருள்: அறப்பளீசுவரர் கோயிலின் தலக்கதை, அறுக்கப்பட்ட மீன் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று ஆற்றில் நீந்தியது என்கிறது. ஐயாற்று மீன்கள் இன்றும் புனிதமாகக் கருதப்பட்டு உணவளிக்கப்படுகின்றன. இங்கே செய்முறையே இல்லை. அருளை யாரும் ஏவ முடியாது, வேண்டிக்கொள்ள மட்டுமே முடியும்.

செய்பவரின் சொல், உடலின் பயிற்சி, பொருளின் குணம், தெய்வத்தின் விருப்பம் எனப் பொறுப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வோரிடத்தில் இருக்கிறது. பலிக்காவிட்டால் யாரைக் குறை சொல்வது என்பதும் அதற்கேற்ப மாறுகிறது. மந்திரம் பலிக்காவிட்டால் உச்சரிப்பில் பிழை. மருந்து பலிக்காவிட்டால் புடத்தில் பிழை. சித்தி கைகூடாவிட்டால் பக்குவம் போதவில்லை. அருள் கிடைக்காவிட்டால் வேளை வரவில்லை.

விளையாட்டு விதிநூல்களில்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய, பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகள் இதே சிக்கலைச் சந்தித்தன. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. அதன் மந்திரமுறை ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து பெறப்பட்டது. மந்திரவாதி மந்திரத்தை நினைவில் ஏற்றிக்கொள்வார். சொன்னதும் அது நினைவிலிருந்து மறைந்துவிடும். அர்ச்சகரின் மந்திரங்களும் இதே விதியில்தான் இயங்கின. தெய்வத்திடம் பெறுவதும் ஏட்டிலிருந்து கற்பதும் ஒரே கணக்கில் அடங்கின.

1976-இல் வெளிவந்த துணைநூல் ஒன்றில் மனோசக்திக்கு முற்றிலும் தனியான விதிகள் சேர்க்கப்பட்டன. ஒரு மேசையில் இரு வேறு கணக்குகள் ஓடின. 1978-இன் ஆட்டக்காரர் கையேட்டில் மாயத்தோற்றக்காரருக்கும் வனப்பூசாரிக்கும் தனி மந்திரப் பட்டியல்கள் தரப்பட்டன. ஆனால் அடிப்படை விதி பொதுவாகவே இருந்தது. 1989-இன் இரண்டாம் பதிப்பு மந்திரவாதியின் கலையை எட்டுப் பிரிவுகளாக வகுத்தது. ஒரு பிரிவில் தேர்ந்தவர் அதற்கு எதிரான பிரிவுகளைக் கைவிட வேண்டும். எட்டு என்ற எண்ணிக்கை அட்டகருமத்தோடு ஒத்துப்போவது தற்செயலானது. ஆனால் வசப்படுத்தல், தோற்றமயக்கு ஆகியவற்றைத் தனிப்பிரிவாக்கும் தேவை இரு இடங்களிலும் எழுந்தது.

1987-இல் வெளிவந்த ஆர்ஸ் மேஜிகா வேறு வழியில் சென்றது. ஆக்கு, அறி, மாற்று, அழி, ஆள் என்ற ஐந்து வினைகளும், உடல், நீர், தீ போன்ற பத்துப் பொருள்களும் அதன் அடிப்படை. வினையையும் பொருளையும் சேர்த்தால் மந்திரம். ஐந்தெழுத்தை இடம்மாற்றி எட்டுக் கருமங்களை அடைவதற்கு அமைப்பளவில் நெருக்கமானது இதுவே.

பொதுவிதியை விரும்புவோர் கற்பதற்கு எளிது என்றும், ஒருவகை மந்திரம் மற்றதை மிஞ்சாமல் சமநிலை நிற்கும் என்றும் கூறுவர். தனிவிதியை விரும்புவோர், எல்லாம் ஒரே கணக்கில் இயங்கினால் பூசாரிக்கும் சூனியக்காரருக்கும் பெயரளவில்தான் வேறுபாடு இருக்கும் என்பர்.

சட்டத்தின் பிரிவினை

விளையாட்டில் இது சுவை சார்ந்த கேள்வி. நோயாளிக்கு அப்படியல்ல. நவீன அரசு இதே கேள்விக்குச் சட்டத்தால் விடை சொல்லவேண்டி வந்தது.

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் மருந்தையும் மந்திரத் தீர்வையும் தனித்தனியே வரையறுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியனவும், நோயைத் தீர்ப்பதாகவோ உடலின் இயக்கத்தை மாற்றுவதாகவோ கூறப்படும் வேறு எந்த மாந்திரீகப் பொருளும் ஒரே வரையறைக்குள் வருகின்றன. மருந்து விளம்பரத்தைப் பொறுத்தவரை அது பொய்யான எண்ணத்தைத் தருகிறதா என்ற சோதனை ஒரு பிரிவில் உள்ளது. மந்திரத் தீர்வுக்கான பிரிவில் அந்தச் சோதனை இல்லை. குறிப்பிட்ட நோய்களையும் நோக்கங்களையும் சொல்லி விளம்பரம் செய்வதே குற்றம்.

இச்சட்டம் உடலையும் நோயையும் மையமாகக் கொண்டது. நோயைத் தீர்க்கும் தாயத்து நேரடியாக அதன் எல்லைக்குள் வரும். பகைமூட்டலும் மனத்தைப் பிரித்தலும் அந்த வரையறையில் எளிதில் அடங்குவதில்லை. தமிழின் எட்டுக் கருமங்களில் விடுபட்ட சாந்தியே, அதாவது நோய் தணிப்பே, இச்சட்டத்தின் முதன்மையான கவலையாக இருக்கிறது.

மறுபுறம், 1970-இன் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம் ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவத்தையும் அங்கீகரித்தது. 2005-இல் சென்னை தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. சித்தர்களின் பெயரால் வழங்கும் ஏடுகளில் மருந்து, மந்திரம், சாலம், யோகம் ஆகியவை கலந்தே கிடைக்கின்றன. அந்த ஏட்டில் ஒரு பாடல் கல்லூரிப் பாடமாயிற்று. அடுத்த பாடல் விளம்பரம் செய்யத் தடையுள்ள பொருளாயிற்று.

இப்பிரிவினையால் நன்மை உண்டு. பற்பத்தைச் சோதிக்கலாம், அளவிடலாம், தவறு செய்தவரைப் பொறுப்பாக்கலாம். தாயத்தை அவ்வாறு சோதிக்க வழியில்லை. பலிக்காதபோது குறை எப்போதும் வாங்கியவரின் நம்பிக்கையின் மேல் சுமத்தப்படும். இழப்பும் உண்டு. மலையில் வாழும் வைத்தியர் கல்லூரிக்குச் சென்றவரல்லர். செடியைப் பறிக்கும்முன் அவர் வணங்குவதும், காப்புக் கட்டுவதும், குலதெய்வத்தைச் சொல்வதும் அவரது அறிவின் பகுதிகள். சட்டத்தின் இரு பெட்டிகளில் அவரை எதில் வைப்பது என்பது எளிதான முடிவல்ல.

மதிப்பீடு

தமிழ் மரபு இக்கேள்விக்கு ஒரே விடையைத் தரவில்லை. தொல்காப்பியம் ஒரே இலக்கணத்தைத் தந்தது. பாட்டியல் நூல்கள் சொல்லுக்குப் பத்துப் பொருத்தங்களை வகுத்தன. திருமந்திரமும் சித்தர் நூல்களும் ஒரே அடிப்படையின்மேல் எட்டு முறைகளை அமைத்தன. கொல்லிப்பாவை எந்த விதியிலும் அடங்காமல் நின்றது.

இந்த வளர்ச்சியில் ஒரு போக்கைக் காணலாம். தீங்கு நேரும் என்ற அச்சம் மிகுந்த இடங்களில் விதிகள் பெருகின. வணங்கவோ வேண்டவோ மட்டும் முடிந்த இடங்களில் விதிகள் குறைந்தன. மாரணத்துக்குப் பொழுதும் திசையும் குறிக்கப்பட்டன. ஆற்று மீனுக்குப் பொரி தூவ எந்த விதியும் எழுதப்படவில்லை. தனிவிதி வேண்டுமா என்ற கேள்விக்கு முன்பாக, தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வியை இம்மரபு எழுப்புகிறது. விளையாட்டை வடிவமைப்பவருக்கும் சட்டம் இயற்றுபவருக்கும் அது பொருந்தும்.